பூசணத்தை எழுப்பும் வேதிச் சைகைகள்: நோயைத் தடுக்கவும் காளான் மகசூலைக் காக்கவும் தெரிந்துகொள்ள வேண்டியவை

நெல்லில் குலை நோய்க்கு ஒரே மருந்தை அடுத்தடுத்த வயல்காரர்கள் இருவர் அடிக்கிறார்கள். ஒருவர் வயலில் நோய் நின்றுவிடுகிறது. மற்றவர் வயலில் பரவிக்கொண்டே போகிறது. மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதற்கு முன், எந்த நாளில் அடித்தோம் என்று பார்க்க வேண்டும். பூசணம் எந்த நேரமும் ஒரே மாதிரி வளர்வதில்லை. அது காத்திருக்கிறது, விழிக்கிறது, உள்ளே நுழைகிறது, பெருகுகிறது. இந்த ஒவ்வொரு கட்டமும் ஏதாவது ஒரு வேதிப்பொருள் தரும் சைகையால்தான் தொடங்குகிறது. அந்தச் சைகை பயிரின் வேரிலிருந்து வரலாம், பழுக்கும் பழத்திலிருந்து வரலாம், காற்றிலிருந்து வரலாம், பக்கத்தில் உள்ள இன்னொரு பூசணத்திலிருந்தும் வரலாம். சைகை எது என்று தெரிந்தால் எப்போது தடுப்பது, எப்போது சும்மா இருப்பது என்பது விளங்கும்.

இக்கட்டுரையில் 'வித்து' என்று சொல்வது பூசணம் பரப்பும் கண்ணுக்குத் தெரியாத தூளை. 'இழை' என்பது அந்த வித்து முளைத்து நூல் போல ஓடும் உடல். காளான் படுக்கைக்குப் போடுவதைக் 'காளான் விதை' என்றே குறிப்பிட்டிருக்கிறோம்.

சென்னையில் நடந்த ஆய்வுகள்

பூசணமும் பயிரும் வேதிப்பொருள்கள் மூலம் எப்படி உறவாடுகின்றன என்ற ஆய்வில் சென்னைக்கு முக்கிய இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தைப் பேராசிரியர் டி.எஸ்.சதாசிவன் 1940களிலிருந்து பல ஆண்டுகள் வழிநடத்தினார். மண்ணில் வாழும் பூசணங்கள், அவற்றால் வரும் வாடல் நோய்கள், வேரைச் சுற்றியுள்ள மண்ணில் நடப்பவை ஆகியவை அங்கு ஆராயப்பட்டன. பின்னாளில் அத்துறை தாவரவியல் உயராய்வு மையம் ஆனது. அடையாற்றை ஒட்டிய கிண்டி வளாகத்தில் அது இயங்குகிறது.

அங்கு நடந்த வேலைகளில் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியது பருத்தி வாடல் நோய் பற்றியது. இந்நோயை உண்டாக்குவது ஃபியுசேரியம் என்ற பூசணம். இது ஃபியுசாரிக் அமிலம் என்ற நச்சைச் சுரக்கும். சோதனைக்குடுவையில் வளர்த்தால் சுரக்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. உயிருள்ள செடிக்குள்ளும் சுரக்கிறதா என்பதுதான் கேள்வி. வாடிய பருத்திச் செடிக்குள்ளேயே அந்த அமிலம் இருப்பதை 1950களில் சென்னை ஆய்வாளர்கள் காட்டினார்கள். தண்ணீர் பாய்ச்சியும் செடி தலை தொங்குவதற்குக் குழாய் அடைப்பு மட்டும் காரணமல்ல, நச்சும் சேர்ந்துகொள்கிறது என்பது இதனால் தெளிவானது. வாடிய செடிக்கு மேலும் மேலும் தண்ணீர் விட்டாலும் அது தேறாது.

இதே ஃபியுசேரியம் குடும்பம் நெல்லில் வேறு விளையாட்டு காட்டும். நாற்று வெளிறி, மற்றவற்றைவிட உயரமாக ஓங்கி வளர்ந்து, கடைசியில் செத்துப்போகும் நோயை ஜப்பானில் ஆராய்ந்தார்கள். பூசணம் வளர்ந்த திரவத்தைத் தெளித்தாலே நாற்று ஓங்குகிறது என்று 1926இல் குரோசாவா கண்டார். 1935இல் யாபுடா அப்பொருளுக்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். இன்று திராட்சைத் தோட்டத்தில் பழத்தைப் பெரிதாக்கத் தெளிக்கும் ஜிப்ரலிக் அமிலத்தின் கதை ஒரு நெல் நோயில்தான் தொடங்கியது.

விழிப்பு: வித்து எதைக் கண்டு முளைக்கிறது?

மண்ணில் பூசண வித்துகளும் கடுகு போன்ற உறை உருண்டைகளும் ஆண்டுக்கணக்கில் தூங்கிக் கிடக்கும். உணவில்லாத இடத்தில் முளைத்தால் செத்துப்போகும் என்பதால் பயிரின் வாசனை வரும்வரை அவை காத்திருக்கின்றன. வேரிலிருந்து கசியும் சர்க்கரை, அமினோ அமிலம் போன்றவைதான் பல பூசணங்களுக்கு அந்த வாசனை.

வெங்காயம், பூண்டைத் தாக்கும் வெள்ளை அழுகல் பூசணம் இதற்குச் சரியான உதாரணம். வெங்காய, பூண்டு வேர்களிலிருந்து வரும் கந்தக வாசனை கிடைத்தால்தான் அதன் உருண்டைகள் முளைக்கும். வெளிநாடுகளில் பயிர் இல்லாத நிலத்தில் பூண்டுச் சாற்றை இட்டு, உருண்டைகளை ஏமாற்றி முளைக்கவைக்கும் முறையை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முளைத்த பூசணம் உணவில்லாமல் அழிகிறது. பயிர்ச்சுழற்சியின் அடிப்படையும் இதுதான். ஒரே பயிரை ஒரே நிலத்தில் விடாமல் போட்டால், அந்தப் பயிரின் சைகைக்குக் காத்திருக்கும் பூசணத்துக்கு ஆண்டுதோறும் விருந்து வைக்கிறோம்.

பழத்தில் வரும் சைகை வேறு. வாழை, மாம்பழத்தில் கரும்புள்ளி விழவைக்கும் ஆந்த்ராக்னோஸ் பூசணம் தோட்டத்திலேயே காயின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். கோயம்பேட்டில் இறக்கும்போது காய் பச்சையாக, பழுதில்லாமல் இருக்கும். மயிலாப்பூர் மாட வீதிக் கடைக்கோ தி.நகர் தள்ளுவண்டிக்கோ போய்ப் பழுக்கும்போது புள்ளி கிளம்பும். வியாபாரி விவசாயியைக் குறை சொல்வார், விவசாயி லாரிக்காரரைக் குறை சொல்வார். பழம் பழுக்கும்போது வெளியிடும் எத்திலீன் வாயு, பழத்தை மட்டுமல்ல, அதன் மேல் உள்ள ஆந்த்ராக்னோஸ் வித்துகளையும் முளைக்கத் தூண்டுகிறது என்று 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. பழம் கனிந்துவிட்டது, தோல் மெலிந்துவிட்டது என்ற தகவல் அந்த வாயு வழியாகவே பூசணத்துக்குக் கிடைக்கிறது.

இதற்குச் செய்ய வேண்டியவை:

- தடுப்பு வேலை தோட்டத்தில், பூ, பிஞ்சுப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். காய்ந்த குச்சிகளையும் நோய்ப்பட்ட இலைகளையும் வெட்டி அப்புறப்படுத்துங்கள்.
- அடிபட்ட, ஏற்கெனவே கனிந்த காய்களைப் பச்சைக் காய்களோடு ஒரே பெட்டியில் அடுக்காதீர்கள். ஒரு கனி விடும் எத்திலீன் பெட்டி முழுவதற்கும் போகும்.
- மாங்காயை அறுத்த அன்றே 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் முக்கி எடுத்து ஆறவைக்கலாம். ரகத்துக்கு ரகம் தோல் தாங்கும் அளவு மாறும் என்பதால் முதலில் பத்துக் காய்களில் செய்து பாருங்கள்.
- கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயு அறையில் பழுக்கவைக்க அனுமதி உண்டு.

கூட்டம் கூடினால் முளைக்காது

மிளகாய்ப் பழ அழுகலை உற்றுப் பார்த்தால் குழிந்த புள்ளியின் நடுவில் இளஞ்சிவப்பாகப் பிசுபிசுப்பு தெரியும். அதில் லட்சக்கணக்கான வித்துகள் நெருக்கமாக இருக்கின்றன. ஆனால் அங்கேயே அவை முளைப்பதில்லை. அந்தப் பிசுபிசுப்பிலேயே முளைப்பைத் தடுக்கும் ஒரு பொருள் கலந்திருக்கிறது. ஒரே இடத்தில் எல்லாம் முளைத்து அடித்துக்கொள்ளாமல் இருக்கப் பூசணம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட பூட்டு அது.

அந்தப் பூட்டைத் திறப்பது தண்ணீர். மழைத்துளியோ தெளிப்பு நீரோ பட்டால் பிசுபிசுப்பு கரைகிறது, தடுப்புப் பொருள் நீர்த்துப்போகிறது, வித்துகள் தெறித்துப் பக்கத்துச் செடியில் விழுந்து முளைக்கின்றன. எனவே பழ அழுகல் கண்ட மிளகாய்த் தோட்டத்தில் தெளிப்பு நீர்ப் பாசனத்தை நிறுத்தி, சொட்டு நீரோ வாய்க்கால் நீரோ கொடுங்கள். இலையும் பழமும் ஈரமாக இருக்கும்போது தோட்டத்துக்குள் இறங்கிப் பறிக்காதீர்கள். நோய்ப்பட்ட பழங்களைச் செடிக்கு அடியில் போடாமல் பையில் சேர்த்து வெளியே கொண்டுபோய் அழியுங்கள். அந்தப் பழத்திலிருந்து விதை எடுக்கவே கூடாது.

நுழைவு: குலை நோய்ப் பூசணத்தின் 24 மணி நேரம்

குலை நோய்ப் பூசணத்தின் வித்து நெல் இலையில் விழுந்தவுடன் பசை விட்டு ஒட்டிக்கொள்ளும். ஈரம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முளைக்கும். முளைத்த நுனி இலையின் மெழுகுப் பூச்சைத் தொட்டு உணர்கிறது. வழுவழுப்பான கடினப் பரப்பு, அதிலிருந்து பிரியும் மெழுகுப் பொருள்கள், சுற்றிலும் உணவில்லாத நிலை ஆகியவை சேர்ந்து 'இது நெல் இலை' என்ற சைகையாகின்றன. உடனே பூசணத்தின் உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப்பொருள் கூடுகிறது. அது கூடினால் நுனி வீங்கிக் குமிழ் போன்ற உறுப்பாக மாறும்.

அந்தக் குமிழின் சுவரில் மெலனின் என்ற கருப்புப் பூச்சு படிகிறது. நம் தலைமுடிக்குக் கருப்பு நிறம் தரும் பொருளின் இனம் அது. அந்தப் பூச்சு இருப்பதால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அது காற்று மண்டல அழுத்தத்தைப் போல 80 மடங்கு வரை போகும். கார் டயரில் உள்ள அழுத்தத்தோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 40 மடங்கு. அந்த வேகத்தில் ஆணி அடித்ததுபோல இலையைத் துளைத்து உள்ளே போகிறது. எல்லாம் ஏறத்தாழ ஒரே நாளில் முடிந்துவிடும். கண் வடிவப் புள்ளி நமக்குத் தெரிவது அதற்கும் சில நாட்கள் கழித்து.

குலை நோய்க்குப் பரவலாக அடிக்கப்படும் டிரைசைக்ளசோல் மருந்து பூசணத்தை நேரடியாகக் கொல்வதில்லை. அந்தக் கருப்புப் பூச்சு படியாமல் தடுக்கிறது. பூச்சு இல்லாத குமிழில் அழுத்தம் ஏறாது, இலையைத் துளைக்க முடியாது. உள்ளே நுழைந்துவிட்ட பூசணத்தை இது வெளியேற்றாது. வயல் முழுதும் புள்ளி வந்த பிறகு அடித்தவருக்குப் பலன் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

- இரவு குளிர்ச்சி, விடியற்காலைப் பனி, மேகமூட்டம், தூறல் என்று இலை பல மணி நேரம் நனைந்திருக்கும் நாட்கள் தொடர்ந்தால் வயலைத் தினமும் பாருங்கள்.
- முதல் சில புள்ளிகள் தெரிந்தவுடன் டிரைசைக்ளசோல் 75 சதத் தூளை ஏக்கருக்கு 120 முதல் 160 கிராம் வரை தேவையான தண்ணீரில் கலந்து தெளியுங்கள். கழுத்துக் குலை வரும் வாய்ப்பிருந்தால் கதிர் வெளிவரும் தருணம் முக்கியம்.
- பாக்கெட்டில் உள்ள அளவையும் அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்களையும் மீறாதீர்கள். மீறினால் அரிசியில் மருந்து எச்சம் தங்கும்.
- யூரியாவை ஒரே முறையில் கொட்டாதீர்கள். தழைச்சத்து கூடினால் இலை மெதுவாகி நோய்க்கு இடம் கொடுக்கும். இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்து இடுங்கள்.

உயிரியல் வழியும் உண்டு. கிண்டி வளாகத்தில் பேராசிரியர் எஸ்.எஸ்.ஞானமாணிக்கம் குழுவினர் குலை நோயைச் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் பாக்டீரியாவைக் கொண்டு கட்டுப்படுத்தும் ஆய்வுகளை 1990களில் செய்தார்கள். இந்தப் பாக்டீரியா பூசணம் வளராமல் தடுக்கும் பொருள்களைச் சுரக்கும், பயிரின் எதிர்ப்புச் சக்தியையும் முன்கூட்டியே தட்டி எழுப்பும். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் விதை நேர்த்தி செய்யலாம். நட்ட 30ஆம் நாள் ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து வயலில் தூவலாம். இலைவழித் தெளிப்புக்கு லிட்டருக்கு 5 கிராம் போதும். இரசாயனப் பூசணக்கொல்லியோடு கலந்து அடிக்கக் கூடாது.

இணைதல்: கரும்புக் கரிப்பூட்டை

கரும்பின் குருத்திலிருந்து கருப்புச் சாட்டை கிளம்பினால் அது கரிப்பூட்டை நோய். சாட்டையில் உள்ள கரித்தூள் முழுக்க வித்துகள். அவை முளைத்துத் தரும் சிறு செல்கள் தனித்தனியாக இருக்கும்போது கரும்பை ஒன்றும் செய்யாது. ஒன்றுக்கொன்று பொருந்தும் இரண்டு வகைச் செல்கள் வாசனைப் பொருள்களை விட்டு ஒன்றையொன்று கண்டுபிடித்து இணைந்தால்தான் நோய் உண்டாக்கும் இழை பிறக்கிறது.

வித்து எவ்வளவு அதிகமாகப் பறக்கிறதோ அவ்வளவு எளிதாக இணை கிடைக்கும். ஆகவே சாட்டையைப் பார்த்தவுடன் அப்படியே ஒடிக்காதீர்கள். தூள் பறந்துவிடும். முதலில் சாக்கையோ பிளாஸ்டிக் பையையோ கவிழ்த்து மூடி, பிறகு வெட்டி, தூரோடு தோண்டி எடுத்து எரியுங்கள். நோய் அதிகம் வந்த தோட்டத்தில் கட்டைப்பயிர் விடாதீர்கள், அதிலிருந்து விதைக்கரணையும் எடுக்காதீர்கள்.

காளான்: காற்று சொல்லும் செய்தி

காளான் வளர்ப்பவர்களுக்கு இந்தச் சைகைகள்தான் லாப நட்டக் கணக்கு. வைக்கோல் படுக்கைக்குள் இழை ஓடும் காலத்தில் கரியமில வாயு அதிகமாக இருந்தாலும் சிப்பிக் காளானுக்குக் கவலையில்லை. மொட்டு வந்து குடை விரியும் காலத்தில் அதே வாயு 'இன்னும் வைக்கோலுக்குள்தான் இருக்கிறாய், வெளிக்காற்றைத் தேடி நீண்டு போ' என்ற சைகையாகிவிடும். அப்போது தண்டு நீண்டு, குடை சிறுத்து, எக்காளம் போலக் காளான் வரும். அதை நல்ல விலைக்கு எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார்.

சென்னையில் அடையாறு, மயிலாப்பூர் போன்ற நெருக்கமான இடங்களில் வீட்டு அறையிலோ மாடிக் கொட்டகையிலோ காளான் போடுபவர்கள் இதில்தான் தவறு செய்கிறார்கள். ஈரம் போய்விடுமே என்று ஜன்னலை அடைத்துவிடுகிறார்கள். ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும்.

- வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 0.04 சதம். காளான் அறுவடைக் கூடத்தில் 0.1 சதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அளவுக்கருவி இல்லாவிட்டால் காளானின் தண்டே அளவுகோல். தண்டு நீண்டால் காற்று போதவில்லை.
- கூடத்தின் மேலேயும் கீழேயும் காற்றுப் போக்கி வைத்து, பூச்சி வலை அடித்து, காலையும் மாலையும் திறந்துவிடுங்கள். பிறகு சாக்குத்திரையை நனைத்து ஈரத்தை ஈடுகட்டுங்கள்.
- படுக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டித் தொங்கவிடாதீர்கள்.

மொட்டுக் காளானில் இன்னொரு சைகையும் கண்டறியப்பட்டுள்ளது. காளானுக்கே உரிய அந்த மணத்தைத் தரும் ஆவிப்பொருள், இழைகள் மொட்டு விடாமல் தடுக்கிறது. படுக்கையின் மேல் பரப்பும் மண்ணில் உள்ள சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள் அதைத் தின்று குறைக்கின்றன. தடை நீங்கியதும் மொட்டு வருகிறது. மேல்மண் ஈரத்தைக் காப்பதோடு இந்த வேலையையும் செய்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 பால் காளானுக்கும் மேல்மண் இடுவது கட்டாயம். சென்னை வெயிலுக்குத் தோதான காளான் அதுதான். மண்ணைப் பரிந்துரைத்தபடி பதப்படுத்தி, கெட்டியாக அமுக்காமல், 1 முதல் 2 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். கூடத்துக்குள் பூசணக்கொல்லியைக் கண்டபடி தெளித்தால் காளானும் பூசணம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

நல்ல பூசணத்தை அழைக்கும் வேர்

வேர் உட்பூசணம் என்று அரசு மையங்களில் கிடைக்கும் 'வாம்' உரமும் சைகையால்தான் வேலை செய்கிறது. மண்ணில் மணிச்சத்து போதாதபோது வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடும். அதைக் கண்டதும் வாம் பூசணத்தின் இழை கிளை கிளையாகப் பிரிந்து வேரை நோக்கி ஓடும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். பூசணம் தூரத்து மண்ணிலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும், பயிர் சர்க்கரையைத் தரும்.

வாம் இட்ட கையோடு டி.ஏ.பி.யையும் அள்ளிப் போட்டால் வேருக்கு அழைக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. சைகை குறையும், வாமுக்குக் கொடுத்த காசு வீண். மண் பரிசோதனை செய்து மணிச்சத்து உரத்தை அளவாக இடுங்கள். நாற்றங்காலில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் வாம் உரத்தை விதைக்கும்போது 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் இட வேண்டும். பை நாற்றுக்குப் பைக்கு 5 முதல் 10 கிராம் போதும். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவை வாமோடு சேராத பயிர்கள். அவற்றுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

இதே சைகையைத் திருடும் களையும் உண்டு. கரும்பு, சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லியின் விதை, அந்த ஸ்ட்ரைகோலாக்டோன் வந்தால்தான் முளைக்கும். மணிச்சத்தும் தழைச்சத்தும் வறண்ட நிலத்தில் சுடுமல்லி மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம். உரத்தை அடியோடு நிறுத்துவதும் தவறு, கொட்டுவதும் தவறு.

நினைவில் வைக்க

- இலை ஈரமாக இருக்கும் நேரம்தான் நோய்ப் பூசணத்தின் வேலை நேரம். அதைக் குறைத்தால் மருந்துச் செலவு குறையும்.
- நுழைவைத் தடுக்கும் மருந்தை நோய் தொடங்கும் நாளிலேயே அடியுங்கள்.
- ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள்.
- பழுத்ததையும் பச்சையையும் கலந்து அடுக்காதீர்கள்.
- காளான் தண்டு நீண்டால் ஜன்னலைத் திறங்கள்.
- வாம் இட்ட நிலத்தில் மணிச்சத்தை அளவோடு கொடுங்கள்.

நோய் எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் பாதித்த செடியை வேரோடு காகிதப் பையில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்துக்கோ வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ செல்லுங்கள். எந்த நாளில் முதல் புள்ளி தெரிந்தது, அதற்கு முந்தைய வாரம் மழையா பனியா, கடைசியாக என்ன உரம் இட்டீர்கள் என்ற விவரத்தையும் குறித்துக்கொண்டு போனால் அலுவலரால் சரியான வழி சொல்ல முடியும்.